அரப்பு மோர் பயிருக்கு ஆச்சு, முகத்துக்கு ஆகுமா?

அரப்பு இலையை அரைத்துப் புளித்த மோரில் ஒரு வாரம் ஊறவைத்துப் பயிருக்குத் தெளிக்கிறோம். பயிர் பச்சை கட்டுகிறது, பூ பிடிக்கிறது. இதே அரப்பைத்தான் நம் பாட்டிமார்கள் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். சீயக்காயை வடிகஞ்சியில் கரைத்தார்கள். வெயிலில் காந்திப்போன கைகால்களுக்கு மோரைப் பூசினார்கள். புளிக்கவைத்ததைப் பயிருக்கும் கொடுக்கலாம், உடம்புக்கும் பூசலாம் என்பது நம் வீடுகளுக்குப் புதிது இல்லை.

இப்போது அழகுசாதனக் கடைகளிலும் அதே புளிப்பு வந்திருக்கிறது. நொதிக்கவைத்த அரிசிச் சாறு, நொதிக்கவைத்த சோயாச் சாறு, நொதிக்கவைத்த ஜின்செங் வேர்ச் சாறு என்று பெயர் போட்டுச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் விற்கிறார்கள். சொட்டுக் கணக்கில்தான் உள்ளே இருக்கும். விலை மூட்டைக் கணக்கில் இருக்கும். இதைப் பார்த்த நம் உழவர்கள், குறிப்பாக மகளிர் குழுக்கள், நியாயமான ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "வருசம் முழுக்கப் பானையிலயும் டிரம்முலயும் புளிக்க வைக்கிறவங்க நாமதானே? இதையே முகத்துக்குப் போடுற மாதிரி செஞ்சு வித்தா என்னங்க?"

செய்யலாம். ஆனால் வயலுக்கு ஊற்றுகிற கைப்பழக்கத்தோடு அப்படியே முகத்துக்குப் போக முடியாது. புளிப்பின் அளவு, உள்ளே இருக்கிற கிருமி, விற்பதற்கான உரிமம் ஆகிய மூன்றையும் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புளிப்பு தோலுக்கு என்ன செய்கிறது?

நொதித்தல் என்பது நுண்ணுயிர்களின் சமையல். அவை சர்க்கரையையும் மாவுச்சத்தையும் தின்று அமிலங்களை வெளியே விடுகின்றன. மோரிலும் நீராகாரத்திலும் இருப்பது பெரும்பாலும் லாக்டிக் அமிலம். பழத்தோலும் வெல்லமும் போட்ட கரைசலில் முதலில் ஈஸ்ட் வேலை செய்து ஆல்கஹால் வரும். பிறகு அது அசிட்டிக் அமிலமாக, அதாவது காடியாக மாறும்.

லாக்டிக் அமிலம் நம் தோலுக்கு அந்நியமான பொருள் இல்லை. தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிற இயற்கைப் பொருட்களில் அதன் உப்பும் ஒன்று. அளவாகப் பூசினால் ஈரத்தைக் காக்கும். மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற செத்த செல்களின் பிடியையும் தளர்த்தும். மோர் பூசிக் கழுவியதும் முகம் மழுமழுவென்று இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது வேலை, பெரிய பொருளைச் சின்னதாக்குவது. சோயாவில் இருக்கிற ஜெனிஸ்டின் என்ற பொருளோடு ஒரு சர்க்கரைத் துண்டு ஒட்டியிருக்கும். லாக்டிக் பாக்டீரியா அந்தச் சர்க்கரையை வெட்டிவிட்டால் அது ஜெனிஸ்டீன் ஆகிறது. இந்தச் சின்ன வடிவம் தோலுக்குள் போவது எளிது. ஊறவைத்துப் புளிக்கவைத்த மாவு எளிதில் செரிப்பதைப் போலத்தான். மற்றபடி நொதித்தலில் மந்திரம் எதுவும் இல்லை. மூலப்பொருளில் நல்லது இருந்தால் அதைத் திறந்து கொடுக்கும். பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தால் அதையும் சாறோடு இறக்கிவிடும். நஞ்சில்லாமல் விளைவிப்பவருக்கு இங்கேதான் மதிப்பு.

நம் சித்த, ஆயுர்வேத மருத்துவங்களிலும் நொதிப்பு மருந்துகள் உண்டு. அரிஷ்டம், ஆசவம் என்பவை தாதகிப் பூவும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைப்பவை. கற்றாழையில் செய்வது குமார்யாசவம். ஆனால் அவை உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகள். செய்முறையும் அளவும் வரையறுக்கப்பட்டவை.

வெளியூர்ப் பானைகளும் பெருந்தொட்டிகளும்

சீனாவின் குவாங்சி பகுதியில் ஹுவாங்லுவோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே வாழும் சிவப்பு யாவ் இனப் பெண்கள் நீண்ட கூந்தலுக்குப் பெயர் பெற்றவர்கள். அரிசி கழுவிய நீரைப் புளிக்கவைத்து அதில்தான் தலை அலசுகிறார்கள். நாம் கழனித் தொட்டியில் மாட்டுக்கு ஊற்றுகிற அதே தண்ணீர்.

ஜப்பானில் அரிசியிலிருந்து சாகே என்ற மது வடிப்பவர்களின் முகம் சுருங்கியிருந்தாலும் கைகள் மட்டும் மிருதுவாக இருந்தன, அதைக் கவனித்துத்தான் கலாக்டோமைசஸ் என்ற ஈஸ்டிலிருந்து ஒரு சாறு கண்டுபிடித்தோம் என்று எஸ்.கே.-2 நிறுவனம் விளம்பரத்தில் கதை சொல்கிறது. 1980-ல் சந்தைக்கு வந்த அந்தப் பொருள் இன்றும் விலை உயர்ந்த பூச்சுகளில் ஒன்று.

கோஜிக் அமிலம் என்று இன்னொன்று. அரிசியில் வளர்க்கிற கோஜிப் பூஞ்சையிலிருந்து 1907-ல் ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்டது. தோலில் கருமை நிறமியை உண்டாக்கும் நொதியை இது தடுக்கும். அதனால் 'சிவப்பழகு' விற்பவர்களுக்கு ரொம்பப் பிடித்த பொருள். வெயிலில் நின்று உழைக்கிற நமக்கு அந்தக் கருமைதான் பாதுகாப்பு. அதைக் கழற்றிப்போடுவதை அழகு என்று சொல்லி நாம் விற்க வேண்டியதில்லை.

பெரிய தொழிற்சாலைகள் செய்யும் நொதிப்பு வேறு மாதிரி. தோலில் ஈரம் காக்கும் ஹயலுரானிக் அமிலத்தை முன்பு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இப்போது பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து எடுக்கிறார்கள். கிரீம்களைக் கெட்டியாக்கும் சாந்தன் பிசின் சாந்தோமோனாஸ் கம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து வருகிறது. முட்டைக்கோஸ் போடுகிறவர்களுக்கு இந்தப் பாக்டீரியாவைத் தெரியும். கருப்பு அழுகல் நோயைக் கொண்டுவருவது இதுவேதான். சுறாவின் ஈரலிலிருந்து எடுத்த ஸ்குவாலேன் எண்ணெயை இப்போது கரும்புச் சர்க்கரையை நொதிக்கவைத்தும் செய்கிறார்கள். சுறா தப்பித்தது நல்லதுதான். ஆனால் அந்த வேலையைச் செய்யும் ஈஸ்ட் மரபணு மாற்றப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'நொதிப்பு', 'தாவரத்திலிருந்து' என்ற சொற்கள் நம் மண்பானைக்கும் பொருந்தும், மரபணு மாற்றிய ஈஸ்ட் ஓடும் எஃகுத் தொட்டிக்கும் பொருந்தும். லேபிளைப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. எந்த நிலத்து அரிசி, எந்த உயிர் புளிக்கவைத்தது என்று சொல்ல முடிகிற சிறு உற்பத்தியாளருக்குத்தான் அந்த வித்தியாசத்தைக் காட்ட முடியும்.

வயலுக்கு ஆவது எல்லாம் தோலுக்கு ஆகாது

முதலில், சாணம் சேர்ந்த எதையும் தோலில் பூசக் கூடாது. பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம், அமிர்தக் கரைசல் எல்லாம் மண்ணுக்கு. சாணத்தில் ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கலாம். காலில் வெடிப்பு, கையில் அறுவாள் கீறல் இருக்கிறவர்கள்தான் நாம் எல்லோரும். 'பஞ்சகவ்யா முகப்பூச்சு' என்று யாராவது டிரம்மிலிருந்து மொண்டு கொடுத்தால் வாங்காதீர்கள்.

அடுத்தது பழத்தோல் கரைசல், அதாவது பயோ என்சைம். வெல்லம் ஒன்று, பழத்தோல் மூன்று, தண்ணீர் பத்து என்ற கணக்கில் மூன்று மாதம் ஊறவைக்கிறோமே, அதுதான். தரை துடைக்க, பாத்திரம் கழுவ, கழிப்பறை சுத்தம் செய்ய அருமையான பொருள். இதை முகத்துக்குப் பூசுவது இரண்டு விதத்தில் ஆபத்து.

ஒன்று, அமிலம். நம் தோலின் மேற்பரப்பில் பி.எச். அளவு சுமார் 4.5 முதல் 5.5 வரை இருக்கும். முதிர்ந்த பயோ என்சைம் பெரும்பாலும் 4-க்குக் கீழே போய்விடும். 5.5-க்கும் 3.5-க்கும் இரண்டு எண்தானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். பி.எச். கணக்கில் ஒரு எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு. இரண்டு எண் குறைந்தால் நூறு மடங்கு. லாக்டிக் அமிலம் சேர்த்த பூச்சுகளில் அதன் அளவு 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பி.எச். 3.5-க்குக் கீழே இறங்கக் கூடாது, வெயிலிலிருந்து தோலைக் காக்கும்படி சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் அழகுசாதன மூலப்பொருள் ஆய்வுக் குழு வரையறுத்திருக்கிறது. அந்த நாட்டு வெயிலுக்கே அப்படி என்றால் நம் சித்திரை வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்?

இன்னொன்று, எலுமிச்சைத் தோல். எலுமிச்சை வகைகளின் தோலில் சோராலன் வகைப் பொருட்கள் உண்டு. அது பட்ட இடத்தில் வெயில் பட்டால் நெருப்பு சுட்டதைப் போலச் சிவந்து கொப்புளம் போடும். பிறகு கருந்தழும்பாகி மாதக்கணக்கில் நிற்கும். முகம் பொலிவாக வேண்டும் என்று பூசி, களை எடுக்க வயலுக்குப் போகிற பெண்ணுக்குத்தான் இந்தப் பாதிப்பு அதிகம். ஏசி அறையில் இருக்கிறவருக்கு ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ளாது.

மூன்றாவது, பூஞ்சணம். வயல் கரைசலின் மேல் வெள்ளை ஆடை படிந்தால் நாம் கலக்கிவிட்டு ஊற்றுகிறோம். தோலுக்கு வைத்த பானையில் ஆடை படிந்தாலோ, பச்சை, கருப்பு, ஆரஞ்சு நிறம் தெரிந்தாலோ முழுவதையும் கொட்டிவிடுங்கள். கோஜி செய்யும் பூஞ்சையும், நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும் பூஞ்சையும் ஒரே குடும்பம். கண்ணால் பார்த்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது.

கற்றாழை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மடலை வெட்டியதும் நிமிர்த்தி வைத்து, ஒழுகும் மஞ்சள் பாலை வடியவிட்டு, நன்றாக அலசிய பிறகே சோற்றை எடுங்கள். அந்த மஞ்சள் பால் பலருக்கு அரிப்பைத் தரும். புளிக்கவைத்துவிட்டால் அது போய்விடும் என்று நம்பிவிட வேண்டாம்.

வீட்டுக்கு மட்டும்: அரிசி நீராகாரம்

நம் வீட்டு ஆட்களுக்கு, அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்குப் பயன்படுத்த எளிதானது இது.

தேவையானவை: ரசாயனம் போடாமல் விளைந்த அரிசி ஒரு கைப்பிடி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டர், உப்பு போடாத புளித்த மோர் ஒரு தேக்கரண்டி.

1. அரிசியை ஒரு முறை அலசி அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். தூசியும் மண்ணும் அதோடு போகட்டும்.

2. ஆறிய தண்ணீரில் அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்துக் கையால் பிசைந்து, பால்போன்ற தண்ணீரை மட்டும் வடித்தெடுங்கள். அரிசியைச் சமைத்துவிடலாம்.

3. வெந்நீரில் கழுவிய கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, மோரைக் கலந்து, சுத்தமான துணியால் வாயைக் கட்டுங்கள். மோர் சேர்ப்பது உறைமோர் ஊற்றுவதற்குச் சமம். நல்ல பாக்டீரியா முதலில் இடம்பிடித்தால் கெட்டது தலையெடுப்பது குறையும்.

4. வெயில் காலத்தில் 12 மணி நேரம், குளிர் காலத்தில் 24 மணி நேரம் போதும். நீச்சத்தண்ணி மாதிரி இளம்புளிப்பு வாசம் வர வேண்டும். அழுகல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். பி.எச். தாளில் 4-க்கும் 5-க்கும் நடுவில் காட்டினால் பதம் சரி.

5. மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு கொதி விட்டு ஆறவையுங்கள். புளிப்பு அதற்கு மேல் ஏறாது. குளிர்பெட்டியில் மூன்று நாள், வெளியே என்றால் அன்றைக்கு மட்டும்.

6. சம அளவு தண்ணீர் கலந்து மாலையில் முகத்திலோ தலையிலோ தடவி, ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள்.

முதல் தடவை முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ வேண்டாம். கைக்குழந்தைகள், தோல் நோய் உள்ளவர்கள், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்த்துவிடுங்கள். புண், கண் ஓரம் ஆகிய இடங்களிலும் பூச வேண்டாம்.

இதில் கருப்பு முகம் வெளுக்காது, சுருக்கம் மறையாது. தோல் வறளாமல் இருக்கும், கூந்தல் சிக்கெடுக்க எளிதாக இருக்கும். அவ்வளவுதான். அவ்வளவே போதும்.

விற்பதென்றால் கணக்கே வேறு

வீட்டில் அன்றைக்குச் செய்து பூசுவது ஒன்று. பாட்டிலில் அடைத்து மூன்று மாதம் கழித்து முகம் தெரியாத ஒருவர் பூசுவது வேறு ஒன்று. தண்ணீர் இருக்கிற எந்தப் பொருளும் கிருமிக்கு விருந்துதான். விரல் ஒரு முறை உள்ளே போனால் போதும்.

அதனால்தான் தொழிலில் நொதிப்பு முடிந்ததும் நுண்ணுயிர்களைச் சூடுபடுத்தியோ மிக நுண்ணிய வடிகட்டியிலோ நீக்கிவிடுகிறார்கள். பி.எச். அளவைச் சரிசெய்கிறார்கள். பிறகு கெடாமல் காக்கும் பொருள் சேர்க்கிறார்கள். ஒரு கிராம் பூச்சில் ஆயிரத்துக்கு மேல் நுண்ணுயிர் இருக்கக் கூடாது. கண்ணுக்கும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் என்றால் நூறுதான் என்பது உலக அளவில் பின்பற்றும் தரம். சீழ் உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் இருக்கவே கூடாது.

'நாங்க எந்த ரசாயனமும் சேர்க்கிறதில்லை' என்று நம்மில் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தண்ணீர் கலந்த பூச்சு ஒன்று, காப்புப் பொருளே இல்லாமல், வெளி அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். ஒன்று, சொல்லாமல் எதையோ சேர்த்திருக்கிறார்கள். அல்லது கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியவில்லை. காப்புப் பொருள் சேர்க்க மனமில்லாதவர்கள் தண்ணீரே இல்லாத பொருளுக்குப் போவதுதான் நேர்மையான வழி: காய்ந்த அரப்புத் தூள், நலங்கு மாவு, மரச்செக்கு எண்ணெயில் காய்ச்சிய தைலம்.

சோப்பு செய்கிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீருக்குப் பதில் மோரோ நீராகாரமோ ஊற்றிச் செய்யலாம். அதன் லாக்டிக் அமிலம் காரத்தோடு சேர்ந்து சோடியம் லாக்டேட் ஆகும். சோப்பு கெட்டியாக வரும். ஆனால் காரத்தின் ஒரு பகுதியை அமிலம் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். காஸ்டிக் சோடா இறங்கிய கலவையில் மோரின் நல்ல பாக்டீரியா எதுவும் உயிரோடு இருக்காது. 'உயிருள்ள நுண்ணுயிர் சோப்பு' என்று லேபிள் ஒட்டினால் அது பொய். ரசாயன உரக் கம்பெனி சொன்ன பொய்யைக் கேட்டுக் கோபப்பட்டு இந்தப் பக்கம் வந்த நாம், அதே மாதிரி ஒரு பொய்யைச் சோப்புக் காகிதத்தில் அச்சடிக்கக் கூடாது.

சட்டத்துக்கு வருவோம். விற்பனைக்காக அழகுசாதனப் பொருள் செய்ய, 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழும், அதன் 2020-ஆம் ஆண்டு விதிகளின் கீழும் மாநில உரிமம் வாங்க வேண்டும். குளியல் சோப்பும் இதற்குள் வரும். உணவுக்கு வாங்கிய உரிமம் இதற்குச் செல்லாது. சேர்மானங்கள், தொகுதி எண், செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற விவரங்கள் லேபிளில் இருக்க வேண்டும். சொரியாசிஸ் போகும், வெண்புள்ளி மறையும் என்று எழுதினால் அது மருந்து என்று ஆகிவிடும். வேறு சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சொந்தமாகக் கட்டடமும் கருவியும் போட முடியாதவர்களுக்கு விதிகளிலேயே ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒரு கூடத்தின் வசதியைப் பயன்படுத்தி, நம் பெயரில் பொருள் செய்துகொள்ளக் கடன் உரிமம் என்று ஒன்று தருகிறார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் கூட்டமைப்புகளும் இதை யோசிக்கலாம்.

உழவர் எங்கே நின்றால் லாபம்?

எல்லோரும் கிரீம் செய்ய வேண்டியதில்லை. மூலப்பொருளைச் சுத்தமாகக் கொடுப்பதே ஒரு தொழில். கருப்புக் கவுனியின் தவிடு, நிழலில் உலர்த்திய ஆவாரம்பூ, செம்பருத்தி, அரப்பு இலை, நெல்லி ஆகியவற்றுக்கு நஞ்சில்லை என்ற அத்தாட்சியோடு வாங்கத் தயாரானவர்கள் இருக்கிறார்கள். விளைபொருளாகக் கொடுக்க அழகுசாதன உரிமம் வேண்டாம். நிலத்துக்குப் பங்கேற்புச் சான்று இருக்கட்டும். எந்த வயல், எந்த நாள் அறுவடை, எப்படி உலர்த்தினோம் என்ற குறிப்பு ஒரு நோட்டில் இருக்கட்டும். அந்த நோட்டுத்தான் உங்கள் விலை. சான்று விளைபொருளுக்குத்தான், அதில் செய்த கிரீமுக்கு அது தானாக ஒட்டிக்கொள்ளாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

'அழகுசாதனக் கம்பெனிக்கு வேண்டும், செடி நாங்களே தருகிறோம், விளைந்ததும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்று வருகிறவர்களிடம் நிதானமாக இருங்கள். நாற்றுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு அறுவடை நேரத்தில் போனை எடுக்காதவர்களை மூலிகைப் பயிரில் நிறையப் பார்த்தாகிவிட்டது. சாப்பிடவும் முடியாத, உள்ளூர்ச் சந்தையில் விற்கவும் முடியாத பயிரை ஏக்கர் கணக்கில் போடாதீர்கள். வரப்பிலும் வேலியிலும் அரப்பும் ஆவாரையும் நிற்கட்டும். நடுவில் நெல்லும் பயறும் இருக்கட்டும். கம்பெனி வந்தால் வரும்படி, வராவிட்டால் நம் தலைக்கு அரப்பு.

குழுவாகத் தொடங்க விரும்புகிறவர்கள் இந்த வரிசையில் போகலாம். முதல் ஆறு மாதம் காய்ந்த பொடிகளை மட்டும் செய்து சொந்த வீடுகளில் பயன்படுத்துங்கள். ஒரு கட்டு பி.எச். தாளும் ஒரு குறிப்பேடும் வாங்கி, ஒவ்வொரு பானைக்கும் நாள், அளவு, வாசம், பி.எச். ஆகியவற்றை எழுதுங்கள். ஒரே மாதிரி பத்துப் பானை தொடர்ந்து வந்த பிறகு, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில் கிருமிச் சோதனை செய்யுங்கள். உரிமம் அதற்கு அடுத்தது. லேபிள் அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. நம்மில் பலர் லேபிளில்தான் தொடங்குகிறோம், அங்கேதான் சறுக்குகிறது.

நம்மிடம் வாங்குகிறவர்கள் நம் அரிசியைத் தின்று பார்த்து நம்பியவர்கள். அந்த நம்பிக்கையில்தான் சோப்பையும் கேட்கிறார்கள். பச்சைக் குழந்தைக்குப் போடலாமா என்று நம்மிடமே கேட்டுவிட்டுப் போடுகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற அளவுக்குத் தெரிந்துகொண்ட பிறகு பானையை வையுங்கள்.